ஃப்ளீஸ் ஓரத்துக்கு எலாஸ்டிக் பட்டி: இழுத்துத் தைக்கணுமா, சும்மா வைத்துத் தைத்தால் போதுமா?

உதகை_ஊசி:
பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைவழியே மாட்டும் கையில்லாத போலார் ஃப்ளீஸ் (பஞ்சு மாதிரி மெத்தென்ற, தடித்த பின்னல் துணி) சட்டை தைத்துக் கொடுக்கிறேன். ஓரத்துக்கு, நடுவில் மடிப்புக்கோடு போட்டு வரும் 16 மி.மீ. எலாஸ்டிக் பட்டி. என் கட்சி இதுதான்: கழுத்திலும் கைக்குழியிலும் பட்டியை இழுத்துப் பிடிக்காவிட்டால் ஓரம் அப்பளம் மாதிரி நெளியும். இழுக்கவே கூடாது என்கிறவர்கள் காரணம் சொல்லுங்கள்.

வெட்டுக்கத்தரி:
பட்டியே எதற்குங்க? ஃப்ளீஸ் பின்னல் துணி, வெட்டின ஓரம் பிசிறாது. கூரான கத்தரியால் வெட்டி அப்படியே விடுங்கள். பட்டிக்காசு மிச்சம்.

உதகை_ஊசி:
மஃப்ளருக்கு வேண்டுமானால் சரி. பிசிறுக்காகவா பட்டி வைக்கிறோம்? பிள்ளைகள் மாட்டிக் கழற்றும்போது வெறும் கழுத்து நீண்டு, அப்புறம் பழைய அளவுக்குத் திரும்பாது. படகோனியா என்கிற வெளிநாட்டு உடை கம்பெனியின் சின்சில்லா ஃப்ளீஸ் 1985இல் வந்தது. இன்றைக்கும் அந்த ஃப்ளீஸில் தைத்த சட்டையின் கை முனையிலும் கீழ் ஓரத்திலும் ஸ்பான்டெக்ஸ் (இழுபடும் நூல்) பட்டிதான்.

பனியன்_ஊர்க்காரன்:
திருப்பூர் கம்பெனியில் ஃப்ளாட்லாக் தையல் மெஷினில் பைண்டிங் (ஓரப்பட்டி) போடுகிறவன் நான். அக்கா, கம்பெனியில் யாரும் கையால் இழுப்பதில்லை. பட்டி ஃபோல்டருக்குள் போய் மடிந்தே வரும், இறுக்கத்தை ரோலர் பார்த்துக்கொள்ளும். கையிழுப்பு ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். நெளிவுக்குப் பாதிக் காரணம் பட்டியே இல்லை. ஊசிக்குக் கீழே துணியை அமுக்கிப் பிடிக்கும் ஃபுட் அழுத்துகிற அழுத்தில் ஃப்ளீஸ் நீண்டுபோகிறது, அது நீண்டபடியே தையலில் மாட்டிக்கொள்கிறது. முதலில் ஃபுட் அழுத்தத்தைக் குறையுங்கள்.

உதகை_ஊசி:
குறைத்துத்தான் வைத்திருக்கிறேன் தம்பி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அங்கேயும் இழுக்கத்தான் செய்கிறார்கள், கைக்குப் பதில் ரோலர்! என்னிடம் குண்டூசிதான் உண்டு. 50 செ.மீ. கழுத்துக்கு 45 செ.மீ. பட்டி, தையலுக்கு விடுவது தனி. முனைகளை இணைத்து வளையமாக்கி, கழுத்தையும் பட்டியையும் நாலாகப் பிரித்துக் குறி போட்டு, குறிக்குக் குறி குண்டூசி. கால் பங்குக்குள் இழுப்பு தானாகவே ஒரே சீராக வந்துவிடும்.

பனியன்_ஊர்க்காரன்:
கழுத்துக்கு அது செல்லும். அதே கணக்கை எல்லா ஓரத்துக்கும் போடாதீர்கள். நேர் ஓரத்தில் துணி நீளத்துக்கே பட்டியைச் சரியாக வைத்தால் போதும். ஜிப் வைத்த முன்பக்கத்தில் இழுத்தால் ஜிப் பாம்பாக வளையும். வெளியே வளைகிற முனையில் இழுத்தால் அந்த முனை உள்பக்கம் கவிழும். உள்ளே குழிகிற வளைவுக்கு மட்டும்தான் இழுப்பு.

இரட்டைத்தையல்:
இழுப்பை விட்டுத்தள்ளுங்கள். வீட்டு மெஷினில் ஒரே ஓட்டத்தில் மடித்துத் தைப்பதுதான் வினை. ஃப்ளீஸ் தடிமன், மேல்பக்கம் அழகாக விழும், திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கப் பட்டி அங்கங்கே பிடிபடாமல் தொங்கும். உள்பக்கம் முதலில் ஒரு ஜிக்ஜாக், அப்புறம் வெளியே மடித்து மேலே இன்னொன்று. நேர்த்தையல் வேண்டாம், தலை நுழையும்போது நூல் பட்டென்று அறும். ஊசி பால் பாயிண்ட் (முனை உருண்டையானது), பாலியெஸ்டர் நூல்.

வெட்டுக்கத்தரி:
ரெண்டு தடவை ஓட்டினால் ரெண்டாவது ஓட்டத்துக்குக் கூலி யார் தருவது? பீஸ் கணக்கில் தைக்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

இரட்டைத்தையல்:
பிடிபடாத இடத்தைப் பிரித்துப் பாருங்கள், அப்போது தெரியும். ஜிக்ஜாக் பஞ்சுக்குள் புதைந்துவிடும், அதுவும் ஒரே நிற நூல் என்றால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தையல் பிரிப்பான் கொஞ்சம் தவறினால் துணியில் ஓட்டை. அதற்கும் கூலி கிடையாது.

உதகை_ஊசி:
ரெண்டு ஓட்டத்துக்கு என் ஓட்டும் உண்டு. தம்பி, பட்டியின் இணைப்பு எங்கே வரணும்? தோள் தையல் மேலேயே வைத்தால் ஊசி தாவுகிறது.

பனியன்_ஊர்க்காரன்:
அங்கே அடுக்கு ஏறிவிடும், தாவத்தான் செய்யும். பின்கழுத்துப் பக்கம் ரெண்டு விரல் தள்ளி வையுங்கள். தோள் தையலின் உள்பிரிவையும் (தையலுக்கு வெளியே மிஞ்சும் துணி) ஓரத்துக்கிட்ட ஒட்ட வெட்டிவிடுங்கள். நெளிவை நீக்குகிறேன் என்று மேலே இஸ்திரி மட்டும் போட்டுவிடாதீர்கள், பஞ்சு அமுங்கிப் பளபளவென்று தழும்பு விழும்.