கண்மாய்க்கு வர்ற தண்ணிய நம்மளே அளக்க முடியுமா?

தேவகோட்டைக்காரன்:
அண்ணே, ஐப்பசில நல்லா மழை பெஞ்சும் எங்க கண்மாய் பாதிக்கு மேல ஏறல. மேல ஊர்க் கண்மாய் ரொம்பி அதோட கலுங்குல (மிச்சத் தண்ணி வழியுற கல்லுக்கட்டு) வழியுற தண்ணிதான் எங்களுக்கு வரணும். மேல ஊர்க்காரவுக "கலுங்கு பாயுதுல்ல, இன்னும் என்ன"ங்குறாக, எங்க ஆளுக "எங்கப்பா வந்துச்சு"ங்குறாக, கூட்டம் போட்டா சத்தம்தான் மிஞ்சுது. வரத்துக்கால்ல (கண்மாய்க்கு தண்ணி கொண்டு வர்ற கால்வாய்) எத்தனை கியூசெக் ஓடுதுன்னு அளக்க வழி இருக்கா? மெஷின் வாங்க காசு இல்ல.

கண்மாய்க்கரை:
மெஷின் எதுக்கு தம்பி, காஞ்ச தேங்கா நெத்து ஒண்ணு போதும். வளைவு இல்லாம நேரா ஓடுற இடமா பாத்து 50 அடி டேப்பு புடிச்சு ரெண்டு முனையிலயும் குச்சி நட்டு, நெத்தை கொஞ்சம் மேலயே போட்டு, முதக் குச்சிய தாண்டுறப்ப போன்ல ஸ்டாப்வாட்ச் தட்டுங்க. தெர்மாகோல், இலையெல்லாம் வேணாம், காத்துக்கு அது தனியா ஓடும், நெத்து பாதி முங்கி போகும். அகலம் 10 அடி, சராசரி ஆழம் ஒன்றரை அடின்னா 15 சதுர அடி. 40 செகண்டுல தாண்டுச்சுன்னா செகண்டுக்கு 1.25 அடி. மேல ஓடுற வேகம் அடியில இருக்காது, தரை இழுத்துப் பிடிக்கும், அதனால பரப்பையும் வேகத்தையும் பெருக்கி, அதை 0.85ஆல பெருக்கிக்கங்க. கிட்டத்தட்ட 16 கியூசெக், அதாவது செகண்டுக்கு 16 கன அடி. ஆழத்தை ஒரே இடத்துல பாத்துட்டு வந்துராதீக, கம்பு வச்சு குறுக்க அஞ்சாறு இடத்துல பாருங்க. வேகமா ஓடுனா இறங்கவே வேணாம்.

ஆத்தங்குடி ஆச்சி பேரன்:
மேல கண்மாய் கலுங்கையும் அதே நாள்ல அளங்க, இல்லன்னா எதோட எதை ஒப்பிடுவீங்க? தண்ணி விழுகுற விளிம்புல ஸ்கேல் வைக்காதீங்க, அங்க மட்டம் தணிஞ்சிருக்கும், நாலடி உள்ள தள்ளி, கலுங்கு மட்டத்துக்கு மேல எத்தனை அடி நிக்குதுன்னு பாருங்க. அந்த உயரத்தை அதோட வர்க்கமூலத்தால பெருக்கி, கலுங்கு நீளத்தால பெருக்கி, மறுபடி 3ஆல பெருக்குனா கியூசெக். நடுவுல குத்துக்கல் இருந்தா அந்த அகலத்தை கழிச்சுருங்க.

கண்மாய்க்கரை:
சரியா சொன்னீக. ஆனா நெத்து கணக்கு தோராயம்தான், ஒண்ணு ரெண்டு கியூசெக் வித்தியாசத்துக்கெல்லாம் சண்டைக்கு போயிராதீக தம்பி. பாலத்துத் தூண்ல பெயிண்ட்ல அடிக்கணக்கு காட்டுற கோடு போட்டு தினம் காலைல மட்டத்தை நோட்டுல எழுதுங்க, ஒரு நாள் அளவ வச்சு ஒண்ணும் பேச முடியாது.

தேவகோட்டைக்காரன்:
ஞாயித்துக்கிழமை ரெண்டையும் எடுத்தோம்ணே. கலுங்கு 18 அடி நீளம், 7 இஞ்ச் தண்ணி, அதாவது 0.58 அடி, 24 கியூசெக் வருது. எங்க பக்கம் நெத்தை மூணு தடவை விட்டோம், ஒரு தடவை கோரைல மாட்டிக்கிச்சு, சராசரி போட்டா 11தான். மிச்சம் எங்கடா போச்சுன்னு கால்வாய் ஓரமாவே நடந்தா, பாதி வழில கரை உடைஞ்சு சீமைக்கருவேலங்காட்டுக்குள்ள பாஞ்சுக்கிட்டு கெடக்கு. மூணு வாரமா மேல ஊர்க்காரவுகள திட்டிக்கிட்டு இருந்துருக்கோம். காரைக்குடி பக்கம் காலி சாக்கு மலிவா எங்கண்ணே கிடைக்கும்? நூறாவது வேணும்.