பழைய ரேடியேட்டரைக் கழற்றிப் பின்சுவருக்குப் பெயின்ட் அடித்தவர்களின் அனுபவங்கள்

ஈஸ்ட்ஹாம், லண்டன்

பாய்லரிலிருந்து சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவர் ரேடியேட்டர் இருக்கிறதே, அதைக் கழற்றாமல் பின்சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாமா, கழற்றித்தான் அடிக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தண்ணீரை அடைக்கும் வால்வ் ஒழுங்காக மூடுகிறதா என்று முதலில் பாருங்கள், மூடினால் கழற்றுங்கள், மூடாவிட்டால் அதைத் தொடவே தொடாதீர்கள். நான் சொல்வதெல்லாம் இவ்வளவுதான், மீதி எல்லாம் அதற்குப் பிறகு வருவது.

எங்கள் தெருவில் எல்லாம் நூறு வருடத்தைத் தாண்டிய, சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் டெரஸ் வீடுகள். வீட்டுக்கு அந்த வயது, ஆனால் ஹீட்டிங் பல காலம் கழித்துப் போட்டது, அதனால் பாதி அறைகளில் எண்பதுகளின் கனமான இரும்புத் தகட்டு ரேடியேட்டர்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் கை எட்டிய வரைக்கும் பெயின்ட் அடித்துவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். சாலை பக்கத்து அறையில் ரேடியேட்டரை இறக்கியபோது பின்னால் பழுப்பும் ஆரஞ்சுமாகப் பூப்போட்ட வால்பேப்பர் அப்படியே இருந்தது, அதன் ஓரத்தில் மூன்று நிறப் பெயின்ட் படை படையாக, மேலே விரல் தடிப்புக்குத் தூசி. அந்தத் தூசி சூடாகி மேலே எழும்பித்தான் ரேடியேட்டருக்கு மேலே சுவரில் கறுப்புக் கோடு விழுகிறது. புதுப் பெயின்டின் மேலும் அதே கோடு மறுபடி வரும், பின்பக்கத்தைத் துப்புரவாக்காவிட்டால்.

வால்வ் விஷயம். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். ஒரு பக்கம் நாம் கையால் திருகுவது, மறுபக்கம் பிளாஸ்டிக் மூடி போட்ட லாக்‌ஷீல்ட். மூடியை எடுத்தால் உள்ளே சின்னத் தண்டு இருக்கும், அதை ஸ்பேனரால் வலப்பக்கம் திருப்பி மூடும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி, குழாயில் ஒரு டேப் ஒட்டி அதிலேயே எழுதி வையுங்கள். அந்தச் சுற்றுக் கணக்குதான் அந்த அறைக்கு எவ்வளவு சுடுதண்ணீர் போக வேண்டும் என்பதை வைத்திருக்கிறது. பிறகு கண்டபடி திறந்துவிட்டால் இந்த அறை கொதிக்கும், மாடி அறை குளிரும்.

பாய்லரை அணைத்து எல்லாம் ஆறிய பிறகு, இரண்டு வால்வையும் மூடிவிட்டு, மேல் மூலையில் இருக்கும் காற்றுத் திருகைச் சாவியால் கொஞ்சம் திறந்து பாருங்கள். கொஞ்சம் பீறிட்டு நின்றுவிட்டால் வால்வ் இரண்டும் பிடிக்கிறது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஏதோ ஒன்று உள்ளே மூடவில்லை, காற்றுத் திருகை இறுக்கிவிட்டு ரேடியேட்டரை அப்படியே விடுங்கள். வால்வையும் ரேடியேட்டரையும் இணைக்கும் நட்டைக் கழற்றிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட இப்போது தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

வால்வின் மேல், அறைச் சூட்டுக்கு ஏற்பத் தானே திறந்து மூடும் எண் போட்ட தெர்மோஸ்டாட் தலை இருந்தால் அதை நம்பாதீர்கள். பூச்சியத்திலோ பனி நட்சத்திரத்திலோ வைத்தாலும், அறை நன்றாகக் குளிர்ந்தால் உறைபனிக்குப் பாதுகாப்பாக அது தானாகத் திறக்கும். ஜனவரியில் ரேடியேட்டர் இல்லாத அறையில், ஜன்னலையும் திறந்து வைத்துப் பெயின்ட் காயவிடும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தலையை எடுத்துவிட்டு அதோடு வந்த மூடியைத் திருகி வால்வின் ஊசியைக் கீழே அழுத்தி வைக்க வேண்டும், அதற்கு மேல் வால்வின் வாயையும் அடைப்பு மூடி போட்டு இறுக்கிவிட்டால் நிம்மதி. லாக்‌ஷீல்ட் பக்கத்து வாயிலும் ஒன்று போடுங்கள், பெரிய விலை இல்லை.

நட்டைத் திறக்கும்போது இரண்டு ஸ்பேனர். ஒன்று நட்டுக்கு, மற்றது வால்வின் உடம்பைப் பிடித்துக்கொள்ள, இல்லாவிட்டால் கீழே இருக்கும் 15 மி.மீ. செம்புக் குழாயும் சேர்ந்து முறுகும். பெயின்ட் ரோலர் தட்டு தட்டையாக இருப்பதால் நட்டுக்குக் கீழே சரியாக நுழையும், வாளி நுழையாது. தட்டுக்குக் கீழே குப்பைப் பை, அதன் மேல் பழைய துவாய். மேலே காற்றுத் திருகு மூடியிருக்கும்வரை தண்ணீர் மெதுவாகத்தான் வரும். அதைச் சாவியால் திறக்கத் திறக்கத்தான் கீழே வேகம் பிடிக்கும், தட்டு நிறைந்தால் திருகை மூடிவிட்டு ஊற்றிவிட்டு வரலாம். வருவது தண்ணீர் என்று நினைக்காதீர்கள், மை. இரும்பு உள்ளே அரித்து உண்டாகும் கறுப்புத் துரு அது, கார்பெட்டில் விழுந்தால் போகாது. இரட்டைத் தகட்டுப் பெரிய ரேடியேட்டரில் 7, 8 லிட்டர் இருக்கும், வெறுமனேயே 35 கிலோவுக்கு மேல் எடை, ஆகையால் தூக்க இரண்டு பேர் வேண்டும். தூக்குவதற்கு முன் இரண்டு வாயிலும் துணியை அடைத்துவிடுங்கள், அடியில் தங்கிய சேறு படிக்கட்டில் இறங்கும்போதுதான் கொட்டும்.

-----

லெஸ்டர்

அண்ணா சொன்ன எல்லாம் சரி, வார்ப்பிரும்புக்காரர்களுக்கு நான் கொஞ்சம் சேர்க்கிறேன். எங்களுடையது விக்டோரியா காலத்து வீடு, முன்னறையில் தூண் தூணாக நிற்கும் பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர். அழகு என்றால் அழகு, அதை மாற்றவே மாட்டேன். ஆனால் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். என் அண்ணன் தம்பிகளும் பக்கத்து வீட்டுக்காரருமாக நான்கு ஆண்கள் பிடித்தார்கள், அப்படியும் தரைப் பலகையைப் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தார்கள்.

எனக்கு எடையைவிடப் பெரிய கவலை அதன் மேல் இருந்த பெயின்ட். இங்கே ஈயம் கலந்த பெயின்டை வீட்டுக்காரர்களுக்கு விற்பதை 1992இல்தான் முழுக்க நிறுத்தினார்கள். பழைய வீட்டில் அடியில் இருக்கும் படைகளில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி குழந்தைகளுக்கு விஷம். எங்கள் சின்னவள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள், தரையில் கண்டதை எல்லாம் வாயில் வைக்கும் வயது. கடையில் கிடைக்கும் பரிசோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்தேன், ஈயம் இருந்தது. பிறகு தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டி எறிந்தோம். பிள்ளைகளை அந்த வேலை முடியும் வரை அம்மா வீட்டில் விட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தாலோ யாராவது மாசமாக இருந்தாலோ தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பின்சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சு, தட்டினால் பொக்கென்று சத்தம் கேட்கும். தகட்டு ரேடியேட்டர் மாட்டியிருக்கும் அறைகளில் தாங்கியின் திருகாணிகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள், கழற்றியிருக்கும்போதே நீளமான திருகாணி போட்டுச் செங்கல் வரை இறக்கிவிடலாம்.

-----

மில்டன் கீன்ஸ்

என் வீடு எழுபதுகளின் வீடு, அதனால் வேறு மாதிரி பிரச்சினை. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் 8, 10 மி.மீ. மெல்லிய செம்புக் குழாய்தான் போட்டார்கள். அண்ணன் சொன்ன இரண்டாவது ஸ்பேனர் இந்த வீடுகளில் இன்னும் முக்கியம், அந்தக் குழாய் ஒரு முறை மடிந்தால் மடிந்ததுதான், தண்ணீர் ஓட்டமே சுருங்கிவிடும்.

திரும்ப மாட்டும்போது நட் உட்காரும் முகத்தைத் துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பலர் நட்டின் புரியில் வெள்ளை டேப்பைச் சுற்றுகிறார்கள், அங்கே அது வேலை செய்யாது, உலோகமும் உலோகமும் அழுந்தித்தான் அந்த இணைப்பு மூடுகிறது. வேண்டுமானால் அழுந்தும் இடத்தில் குழாய் இணைப்புக்கென்று விற்கும் பசையைக் கொஞ்சம் தடவலாம். அப்புறம் வால்வைத் திறந்து, காற்றை எடுத்து, பாய்லரில் தண்ணீர் அழுத்தம் காட்டும் முள்ளைப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருந்தால் போதும், குறைந்திருந்தால் நிரப்பும் குழாயைத் திறந்து ஏற்றிவிட்டு மறக்காமல் மூடுங்கள். மாடிக் கூரைக்குள் தொட்டி வைத்த பழைய அமைப்பு என்றால் அதுவே நிரப்பிக்கொள்ளும்.

கொட்டிய தண்ணீரோடு துரு தடுப்பு மருந்தும் போய்விடுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. ஒன்றிரண்டு ரேடியேட்டர் என்றால் பரவாயில்லை, வீடு முழுக்கக் கழற்றினால் புது பாட்டில் ஊற்றித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கறுப்புச் சேறு சேர்ந்துகொண்டே போகும்.

சூடாகும்போது ஒரு முறை, ஆறிய பிறகு ஒரு முறை, இரண்டு நட்டுக்கும் கீழே டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். கையில் தெரியாத ஈரம் பேப்பரில் தெரியும்.

-----

ரெடிங்

அண்ணா, நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஓனர் பெயின்ட் அடித்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். ரேடியேட்டர் பக்கத்தில் வால்வ் மேலே பழைய பெயின்டே பூசி ஒட்டிக் கிடக்கிறது, திருகவே வரவில்லை. சுத்தியல் வைத்துத் தட்டிப் பார்க்கட்டுமா?

-----

ஈஸ்ட்ஹாம், லண்டன்

வேண்டாம் தம்பி. பல வருடம் அசையாத வால்வைத் தட்டினால் தண்டின் அடியில் இருக்கும் அடைப்பு விட்டுக் கசியத் தொடங்கும், அதற்குப் பிறகு உங்கள் முன்பணத்தைத்தான் பிடிப்பார்கள். ஓனர் பெயின்டுக்குத்தான் சம்மதம் தந்திருக்கிறார், குழாய் வேலைக்கு இல்லை. நீளக் கைப்பிடி வைத்த ஒல்லியான சின்ன ரோலர் ஒன்று பெயின்ட் சாமான் கடையில் கிடைக்கும், ரேடியேட்டருக்குப் பின்னால் நுழைவதற்கென்றே செய்தது. முதலில் குச்சியில் ஈரத்துணி கட்டிப் பின்பக்கத் தூசியை எடுத்துவிட்டு, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரு முழம் உள்ளே போகும்வரை அடியுங்கள். சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது. வால்வைப் பற்றி ஓனருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள், அதை மாற்ற வேண்டியது அவர்தான்.