புல்லருக்கு 'உருவி', செப்பரேட்டருக்கு 'ஆப்புக்கவ்வி': பட்டறையிலிருந்து ஒரு மடல்

குழுமத்தாருக்கு வணக்கம்.

லாரியின் பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைப் பிரித்துக் கட்டும் பாடக்குறிப்பில் பேரிங் புல்லர், பேரிங் செப்பரேட்டர் இரண்டுக்கும் என்ன தமிழ் எழுதலாம் என்று பாலிடெக்னிக் தம்பி கேட்டிருந்தார். சுழலும் தண்டில், அதாவது ஷாஃப்டில், இறுக்கமாக ஏறியிருக்கும் பேரிங்கை எடுக்கும் கருவிகள் இவை. இழுப்பான், பிடுங்கி, கழற்றி, அகற்றி, பிரிப்பான் என்று அதற்குள் ஐந்து சொற்கள் வந்துவிட்டன. ஐந்தையும் பட்டறையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஏன் ஒன்றுகூட ஒட்டவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பட்டறை இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகும் சாலையில் இருக்கிறது. வாலிநோக்கம் பக்கம் உப்பு ஏற்றும் வண்டிகளும், மண்டபம், இராமேசுவரம், தொண்டியிலிருந்து ஐஸ் போட்டு மீன் ஏற்றும் வண்டிகளும்தான் எங்களுக்கு வாடிக்கை. பாரத்தோடு ஓடிவந்த வண்டியின் பின்அச்சு ஹவுசிங் தொட முடியாத சூட்டில் இருக்கும். உள்ளே விரிந்த காற்று போய்வர மேலே பிரீதர் என்று ஒரு சின்ன வாய் உண்டு. அதில் உப்பு பொருக்குக் கட்டி அடைத்துக்கொண்டால், வண்டியைக் கழுவும்போது ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து, உள்காற்று சுருங்கி, பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தின் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் இருக்கும் சீல் விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்துக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரியும். அப்படி வருகிற வண்டியில் பேரிங் ஷாஃப்டோடு துருவில் ஒட்டிக் கிடக்கும். அதனால் எந்தக் கருவியால் எடுப்பது என்பது இந்தக் கரையில் தினமும் வருகிற கேள்வி.

வண்டிக்கு அடியில் படுத்துப் பழக்கமில்லாதவர்களும் இங்கே இருப்பதால் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஃபரன்ஷியல் பேரிங்குகளில் பெரும்பாலானவை டேப்பர் ரோலர் வகை. நேர்ப்பாரமும் பக்கப்பாரமும் சேர்ந்து வரும் இடத்துக்கு ஏற்றது அது. 1898இல் ஹென்றி டிம்கன் அதற்குக் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டி செய்து வந்தவர் அவர். வண்டி வளைவில் திரும்பும்போது அச்சு படும் பாட்டைக் கண்ணால் பார்த்திருப்பார். இந்த வகையில் வெளி வளையத்தைக் கப் என்றும், உருளைகளோடு சேர்ந்த உள் வளையத்தைக் கோன் என்றும் பட்டறையில் சொல்வோம். கோன் ஷாஃப்ட் மேல் இறுக்கமாக ஏறியிருக்கும். அதை எடுக்க வேண்டும். ஷாஃப்டில் கீறல் விழக்கூடாது. சில வண்டிகளில் கோனுக்கு அடியிலேயே சிம் என்ற மெல்லிய இடைத்தகடு இருக்கும், அதுவும் நசுங்கக்கூடாது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> புல் என்றால் இழு, புல்லர் என்றால் இழுப்பான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. இழுப்புக்குத் திசை கிடையாது. கரைவலையை இழுக்கிறோம், தேரை இழுக்கிறோம், முரண்டு பிடிக்கும் ஆட்டையும் இழுக்கிறோம். கோணலாக இழுத்தாலும் அது இழுப்புத்தான். பேரிங்கைக் கோணலாக இழுத்தால் உள் வளையம் ஷாஃப்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். அப்புறம் எத்தனை டன் கொடுத்தாலும் கோணல்தான் கூடும்.

பிடுங்கி என்பது அதைவிட மோசம். செடியைப் பிடுங்கினால் வேரும் மண்ணும் சேர்ந்து வரும். ஒட்டியிருப்பதைச் சேதப்படுத்தி எடுப்பதுதான் பிடுங்குவது. போதாததற்கு அந்தச் சொல் பட்டறையில் வசையாகவும் புழங்குகிறது. பாடப் புத்தகத்தில் ஏற்ற முடியாது. கழற்றி என்றால் ஸ்பானரும் கழற்றிதான். அகற்றி என்பது எப்படி எடுப்பது என்று எதையும் சொல்வதில்லை.

நான் முன்வைக்கும் சொல் உருவி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி கீழக்கரைக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், எங்கள் எல்லோருக்கும் அவர் காக்கா. புல்லர் மாட்டிக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு தடவையும், "உருவுடா தம்பி, பிடுங்காதே" என்பார். இருபது வருஷமாக என் காதில் இருக்கிற வார்த்தை.

உருவுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். உறையிலிருந்து வாளை உருவுகிறோம். விரலிலிருந்து மோதிரத்தை உருவுகிறோம். முருங்கைக் கீரையைக் காம்பிலிருந்து ஒரே இழுப்பில் உருவுகிறார்கள் வீட்டில். நீளமான ஒன்றின் மேல், அதன் போக்கிலேயே, சுற்றிலும் சமமாகப் பிடித்து நகர்த்துவது. வாள், உறை இரண்டும் முழுசாக இருக்கும். விரல் வீங்கி மோதிரம் மாட்டிக்கொண்டால் சோப்புப் போட்டு நேராக உருவுவோமே தவிர, ஒரு பக்கமாக இழுக்க மாட்டோம். ஷாஃப்ட் மேல் கோன் இருப்பது அச்சு அசலாக அந்த மோதிரக் கதைதான்.

> உருவி என்பது வினையெச்சம் ஆயிற்றே? "வாளை உருவி வெட்டினான்" என்கிறோம். குழப்பம் வராதா?

அம்மா, இதே மயக்கம் இடுக்கியிலும் உண்டு, துருவியிலும் உண்டு. "தேங்காயைத் துருவிப் போடு" என்றும் சொல்கிறோம், "துருவியை எடு" என்றும் சொல்கிறோம். யாரும் தடுமாறுவதில்லை. நாயுருவி என்று ஒரு செடியே இருக்கிறது, எங்கள் பட்டறை வேலியோரம் நிறைய. சொல்லின் வடிவம் தமிழுக்குப் புதிதில்லை.

புல்லர் என்பது கால்களால் பேரிங்கைப் பின்னிருந்து பிடித்து, நடுத் திருகால் ஷாஃப்டை உந்தும் கருவி. இன்னொரு நண்பர் 'இருகால் உருவி, முக்கால் உருவி' என்று உடனே வகை பிரித்திருந்தார். இருகால் சரி. முக்கால் வேண்டாம், படிப்பவர் முக்கால் அளவு என்று எடுத்துக்கொள்வார், அதுவும் அங்குலத்தில் முக்கால் ஸ்பானர் புழங்கும் இடத்தில். பட்டறையில் இப்போதே மூணு கால் புல்லர் என்றுதான் சொல்கிறார்கள். 'மூன்றுகால் உருவி' என்று எழுதிவிடலாம். இந்தக் கால் கணக்கு அலங்காரத்துக்கு இல்லை. சுற்றிலும் இடம் இருந்தால் மூன்று கால். விசை சமமாகப் பிரிந்து தானாக நடுவுக்கு வரும். டிஃபரன்ஷியலின் நடுப்பெட்டியான கேஸின் இரண்டு பக்கப் பேரிங்குகளுக்குப் பல வண்டிகளில் எதிரெதிரே இரண்டு பள்ளம் மட்டும் விட்டிருப்பார்கள். அங்கே இரண்டு கால்தான் போகும். கேஸின் கழுத்து உள்ளீடற்றது என்பதால் திருகு உந்துவதற்கு வாயில் ஓர் இரும்புப் பில்லை வைக்க வேண்டும். பில்லை சின்னதாக இருந்தால் உள்ளே விழும், பெரிதாக இருந்தால் கோன் வெளியே வராமல் அதில் தட்டும். திருகு மரையில் கிரீஸ் தடவாமல் ஆரம்பிக்கவே கூடாது. எங்கள் உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் சும்மா கிடந்த உருவியின் மரை தானே இறுகிப்போகும்.

அடுத்து செப்பரேட்டர். இதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது, ஏனென்றால் இந்தக் கருவி இல்லாமல் ஒரு தப்புச் செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. காக்கா ஊரில் இல்லை. ஒரு உப்பு வண்டியின் பினியனில் தலைப் பேரிங்கை எடுக்க வேண்டும். பினியன் பல்லுக்கும் கோனின் முதுகுக்கும் நடுவே நகம் நுழையும் இடம்கூட இல்லை. உருவியின் கால் உள்ளே போகவில்லை என்றதும், உருளைகளைப் பிடித்திருக்கும் கூட்டிலேயே காலை மாட்டித் திருகினேன். கூடு கிழிந்தது. உருளைகள் புளியங்கொட்டை மாதிரி தரையில் சிதறின. கோன் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. பிறகு எரிவாயுச் சுடர் வைத்துச் சுட்டேன். முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் நீலம். பேரிங்கை 125 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கக் கூடாது என்பதே பொது விதி. நிறம் மாறிவிட்டாலே சூடு அதைத் தாண்டி எங்கோ போய்விட்டது என்று பொருள். கோன் போனால் போகிறது, அடியில் இருக்கும் ஷாஃப்டும் அல்லவா அந்தச் சூட்டை வாங்குகிறது? கடைசியில் கிரைண்டரால் கோனைக் கீறினேன். கோனின் தடிப்பில் முக்கால்வாசி மட்டும் கீறி, உளி வைத்து ஒரு தட்டுத் தட்டினால் வெடித்துவிடும் என்று தெரியாது. முழுசாக வெட்டினேன். கல் ஒரு மயிரிழை ஆழம் ஷாஃப்டில் இறங்கிவிட்டது.

கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் பினியனும் ஒன்றோடொன்று உரசிப் பொருத்தப்பட்டு ஜோடியாக வருபவை. பினியன் போனால் கிரவுனையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். காக்கா திரும்பி வந்து, அந்தக் கீறலில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கை கழுவப் போனார். அடுத்த வாரம் மதுரைக்குப் போய் செப்பரேட்டர் வாங்கி வந்தார்.

அந்தக் கருவி இரண்டு அரைத் துண்டு. சேர்த்து வைத்தால் நடுவில் வட்டமான ஓட்டை. ஓட்டையின் உள்விளிம்பு கத்தி மாதிரி சரிவாகச் சீவியிருக்கும். பல்லுக்கும் கோனுக்கும் நடுவே அந்த விளிம்பை வைத்து, இரண்டு பக்க போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கினால், விளிம்பு ஆப்பு மாதிரி உள்ளே புகுந்து கோனைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். அப்புறம் துண்டுகள் இரண்டையும் பிரஸ் என்ற அழுத்து எந்திரத்தின் சட்டத்தில் நன்றாக உட்கார வைத்து, மேலிருந்து பினியன் ஷாஃப்டை அழுத்த வேண்டியதுதான். பாரம் துண்டுகள் மேல் இறங்க வேண்டும், போல்ட்டுகள் மேல் விழக்கூடாது. பினியன் விடுபட்டு விழும் இடத்தில் நாலு சாக்கு மடித்துப் போட்டுவிடுவோம்.

இப்போது 'பிரிப்பான்' என்ற சொல்லை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேரிங்கைப் பிரிப்பான் என்று படிக்கும் மாணவன், பேரிங்கையே இரண்டாகப் பிரிக்கும் கருவி என்று நினைப்பான். அன்றைக்கு நான் செய்தது அதுதான்: பேரிங்கைப் பிரித்தேன், எடுக்கவில்லை. ஆங்கிலப் பெயரே இந்த இடத்தில் தெளிவில்லாதது. அதை அப்படியே கொண்டுவந்தால் அந்தத் தெளிவின்மையும் கூடவே வரும்.

> இடுக்கி என்றே சொல்லலாமே, இரண்டு துண்டு சேர்ந்து இறுக்குவதுதானே?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சாயல்குடிப் பக்கம் பனையேறிகள் பாளையை இடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கட்டைக்கு நடுவே வைத்து நசுக்குவார்கள். இடுக்கினால் நடுவில் இருப்பதன் மேல் அழுத்தம் விழும். நம் கருவி கோனை நசுக்கக் கூடாது, அதன் முதுகுக்குப் பின்னால் போய்ப் பிடிக்க வேண்டும். அதனால் கவ்வு என்ற வினைக்கு வந்தேன். பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகிறது, பல் பதிவதில்லை. பிடி உறுதி, சேதம் இல்லை. அந்தக் கவ்வல் எதனால் நடக்கிறது? ஆப்பு விளிம்பால். ஆகவே ஆப்புக்கவ்வி.

நீளம் என்று சொல்லக்கூடும். ஏழு எழுத்துத்தான், செப்பரேட்டருக்கும் ஏழுதான். ஆப்பு என்று காதில் விழுந்தவுடனே சரிவான விளிம்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பையனுக்குத் தெரிந்துவிடும். எனக்கு அது பெரிய லாபமாகப் படுகிறது.

பேரிங் என்பதற்குத் தாங்கி இருக்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பட்டறையில் 'தாங்கி உருவி' என்று முழுசாகச் சொல்ல மாட்டார்கள். பாடத்தில் முதல் தடவை முழுப்பெயர், அடுத்து வெறும் உருவி என்று போட்டால் போதும். கப்புக்கும் கோனுக்கும் வெளிவளையம், உள்வளையம் தாராளமாகப் போதும். ஹவுசிங்கிலிருந்து வெளிவளையத்தை எடுக்க இந்த இரண்டு கருவியும் உதவாது, பித்தளை ராடு வைத்து எதிரெதிர்ப் பக்கமாகத் தட்டி இறக்குவோம். ரொம்ப முரண்டு பிடித்தால் வளையத்தின் உள்முகத்தில் சுற்றி ஒரு வெல்டிங் வரி ஓட்டிவிட்டு ஆறவிட்டால், வளையம் சுருங்கித் தானாக இளகும். திரும்பப் போடாத வளையத்துக்கு மட்டும். அந்த ராடுக்குப் புதுச் சொல் தேவையில்லை, பித்தளைத் தண்டு என்றால் யாருக்கும் புரியும்.

அண்ணா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலைத் தமிழ்வழியில் 2010இல் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளும் ஐடிஐ பிள்ளைகளும் படிக்கப்போகும் சொல் பட்டறைக்குள் வந்து வாழ வேண்டும் என்பதுதான் என் ஆசை. தம்பி, உங்கள் குறிப்பில் இப்படி எழுதிப் பாருங்கள்:

"பினியன் தலைத் தாங்கியின் பின்புறம் ஆப்புக்கவ்வியைப் பொருத்தி, இரண்டு போல்ட்டுகளையும் சமமாக இறுக்கவும். கேஸின் பக்கத் தாங்கிகளுக்கு இருகால் உருவியைப் பயன்படுத்தவும். உருவியின் கால்கள் உள்வளையத்தின் பின்விளிம்பில் பட வேண்டும்; உருளைக் கூட்டில் படக்கூடாது."

நேற்றுச் சாயங்காலம் ஒரு மீன் வண்டியின் கேஸை மேசையில் ஏற்றிவிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் தேவிபட்டினத்துப் பையனிடம் "அந்த உருவியை எடு தம்பி" என்றேன். முன்னால் எதுவும் சொல்லி வைக்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த புல்லர்கள் பக்கம் போனவன் திரும்பிப் பார்த்து, "ரெண்டு காலாண்ணே, மூணு காலாண்ணே?" என்று கேட்டான்.