நேர்காணலில் உடல்மொழியை எந்த அளவுக்கு நம்பலாம்?

கொங்குநாட்டான் (கேள்வி):

வணக்கம். கோயம்புத்தூரை ஒட்டிய ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். பட்டயப் படிப்பு முடித்த இளைஞர்களைப் பயிற்சிப் பணிக்குத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இந்த ஆண்டு என்னையும் சேர்த்திருக்கிறார்கள். நேர்காணலுக்கு முன்பு குழுவினருக்கு அரைநாள் பயிலரங்கு நடந்தது. கண்ணைப் பார்த்துப் பேசாதவர் எதையோ மறைக்கிறார், கைகளைக் கட்டிக்கொள்பவர் மனத்தை மூடிக்கொள்கிறார், மூக்கைத் தொடுபவர் பொய் சொல்கிறார், நாம் தெரிவிப்பதில் 93 விழுக்காடு சொற்களுக்கு வெளியேதான் இருக்கிறது என்றெல்லாம் சொன்னார்கள். மதிப்பெண் படிவத்திலும் ‘உடல்மொழி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்கு 20 மதிப்பெண்.

முதல் நாள் வந்தவர்களில் ஒரு மாணவரிடம் வெர்னியர் காலிப்பரைக் கொடுத்து ஒரு புஷ்ஷின் உள்விட்டத்தை அளக்கச் சொன்னோம். தயக்கமே இல்லாமல் அளந்து, கருவியில் சுழிப்பிழை (எதையும் அளக்காதபோதே அளவு சுழியில் நிற்காத பிழை) இருப்பதையும் அவரே கண்டுபிடித்துச் சொன்னார். ஆனால் பேசிய நேரம் முழுவதும் மேசையைத்தான் பார்த்தார். நாற்காலியின் விளிம்பில் கைகட்டி அமர்ந்திருந்தார். உடல்மொழிக் கட்டத்தில் மற்ற இருவரும் 4, 5 என்று போட்டுவிட்டதால் பட்டியலில் அவர் கீழே போய்விட்டார். இறுதிப் பட்டியல் இன்னும் கையெழுத்தாகவில்லை. பயிலரங்கில் சொன்னவற்றுக்கு உண்மையில் அடிப்படை இருக்கிறதா? குழுவில் பேசுவதற்கு உறுதியான தகவல்கள் தேவை.

நெய்தல்:

உளவியல் கற்பிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். அந்த 93 விழுக்காட்டை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் தம் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்ததால் வந்த எண் அது: சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55. அந்தச் சோதனைகளில் ஒலித்தவை தனித்தனிச் சொற்கள். பேசியவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை ஊகிப்பதே பங்கேற்றவர்களின் வேலை. சொல் ஒன்றாகவும் தொனி வேறாகவும் இருக்கும்போது மனிதர்கள் எதை நம்புகிறார்கள் என்பதற்கு மேல் அந்த எண்கள் எதையும் கூறவில்லை. விருப்பு வெறுப்புகளைப் பற்றிய பேச்சுக்கு அப்பால் இதைப் பொருத்தக்கூடாது என்று மெஹ்ராபியனே விளக்கியிருக்கிறார். உங்கள் மாணவர் சுழிப்பிழையைச் சொன்னபோது பொருளில் 93 விழுக்காடு அவருடைய முகத்திலா இருந்தது?

கண்ணைப் பார்க்காதவர் பொய்யர் என்பது உலகம் முழுவதும் உள்ள நம்பிக்கை. சார்லஸ் பாண்ட் ஒருங்கிணைத்து 2006-இல் வெளியான, 75 நாடுகளை உள்ளடக்கிய ஆய்வில், பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டதற்கு மிகுதியாகக் கிடைத்த விடை இதுவே. ஆனால் பார்வை விலகலுக்கும் பொய்க்கும் நம்பத்தகுந்த தொடர்பு எதுவும் ஆய்வுகளில் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் பாண்டும் பெல்லா டிபாலோவும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உண்மையையும் பொய்யையும் மனிதர்கள் சரியாகப் பிரித்தறிந்தது சராசரியாக 54 விழுக்காடுதான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும்.

இதற்காக உடல் எதையுமே சொல்வதில்லை என்று நான் வாதிடவில்லை. பதற்றம், களைப்பு, சலிப்பு, வலி ஆகியவை வெளியே தெரியத்தான் செய்யும். பதற்றம் தெரிகிறது என்பதிலிருந்து அதன் காரணமும் தெரிந்துவிட்டது என்று தாவும் இடத்தில்தான் தவறு நேர்கிறது. வேலை தேடி வந்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு மூன்று அதிகாரிகள் எதிரில் அமர்ந்திருப்பதே போதுமான காரணம்.

வேலைவாய்ப்பு அலுவலர்:

பாலிடெக்னிக் கல்லூரி ஒன்றில் வளாக நேர்காணல்களை ஒருங்கிணைப்பது என் பணி. நீங்கள் விவரித்த மாணவரைப் போன்றவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். கைகட்டுவது மனத்தை மூடிக்கொள்ளும் அடையாளம் என்ற விதியை எழுதியவர்களுக்கு நம் ஊர்ப் பள்ளிக்கூடம் தெரியாது. ஆசிரியர் வகுப்புக்குள் வந்ததும் கைகட்டி நிற்க வேண்டும் என்று பழக்கப்பட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பெரியவர் பேசும்போது முகத்துக்கு நேரே பார்ப்பதை ‘முறைக்கிறான்’ என்று கண்டிக்கும் வீடுகளும் இன்னும் இருக்கின்றன. நாற்காலியில் சாய்ந்து உட்காராமல் விளிம்பில் அமர்வதும் அந்த மரியாதையின் பகுதியே. மரியாதை என்று கற்றுக்கொடுக்கப்பட்ட அனைத்தும் உங்கள் படிவத்தில் குறையாக மாறுகின்றன. அதனால் பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் வீட்டின் முதல் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும்தான். நகரத்துப் பள்ளியில் படித்த மாணவர் அதே கட்டத்தில் 15 வாங்கிவிடுவார். வெர்னியரைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

அறையின் குளிரையும் கவனியுங்கள். ஏசியை 20-இல் வைத்துவிட்டு, மெல்லிய சட்டையில் வந்தவர் ஏன் கைகட்டுகிறார் என்று ஆராய்வது வேடிக்கை.

முன்னாள் வங்கியாளர்:

மேலே எழுதியவர்களின் படிப்பை மதிக்கிறேன். ஆனாலும் முழுமையாக உடன்பட முடியவில்லை. கிராமக் கிளைகளில் கடன் வழங்கும் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவன் நான். பத்திரங்களெல்லாம் சரியாக இருந்தும், நிலத்தின் எல்லையைக் கேட்டவுடன் ஒருவரின் குரல் இறங்கும், கால் ஆடத் தொடங்கும். விசாரித்தால் பங்காளித் தகராறு இருக்கும். ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ என்று வள்ளுவர் சும்மா சொல்லவில்லை. முகத்தைப் படிக்கத் தெரியாதவர் மனிதர்களோடு தொழில் செய்ய முடியாது.

தமிழாசிரியை:

ஐயா, அதே குறிப்பறிதல் அதிகாரத்தின் இரண்டாம் குறளையும் சேர்த்துப் பாருங்கள். ஐயத்துக்கு இடமில்லாமல் பிறர் அகத்தை உணர வல்லவனைத் ‘தெய்வத்தோ டொப்பக் கொளல்’ என்கிறார். எல்லோருக்கும் எளிதில் கைகூடும் திறமையைத் தெய்வத்துக்கு ஒப்பிட மாட்டார்கள். அந்த அதிகாரம் மன்னரைச் சேர்ந்தொழுதலுக்கு அடுத்ததாக வருவதால், அங்கே குறிப்பறிபவன் அரசனை நாள்தோறும் அருகிருந்து பார்ப்பவன் என்று கொள்வதே பொருத்தம். அவனுக்கு அரசனின் வழக்கமான முகமும் தெரியும், மாறிய முகமும் தெரியும். பதினைந்து நிமிட நேர்காணலில் வழக்கமான முகத்தை எங்கே பார்க்கிறோம்?

உங்கள் அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். எல்லையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு அவர் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்ததை நீங்கள் பார்த்திருந்தீர்கள். மாறியதும் விசாரித்தீர்கள். கால் ஆடியது என்பதற்காக மட்டும் கடனை மறுத்திருக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன்.

முன்னாள் வங்கியாளர்:

மறுத்ததில்லை அம்மா. வில்லங்கச் சான்றைத்தான் மறுபடியும் எடுத்துப் பார்ப்பேன். அந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன்.

வழக்கறிஞர் ஒருவர்:

நீதிமன்றத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280-ஆம் பிரிவு, சாட்சி விசாரிக்கப்படும்போது அவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி முக்கியமெனத் தோன்றும் குறிப்புகள் ஏதேனும் இருந்தால் நீதிபதி பதிவு செய்ய வேண்டும் என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. உரிமையியல் வழக்குகளில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 18, விதி 12 அப்படிப் பதிவு செய்ய அனுமதி தருகிறது. மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், சாட்சியை நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி என்பதற்காக அவர் மதிப்பீட்டுக்குத் தனி எடை கொடுப்பதும் உண்டு.

கவனிக்க வேண்டியது, பதிவாவது கண்ணால் கண்டதே. ‘இந்தக் கேள்விக்கு நெடுநேரம் மௌனமாக இருந்தார்’ என்று எழுதலாம். அந்த மௌனத்துக்குக் காரணம் அச்சமா, மறதியா, கேள்வி புரியாமையா என்பதைக் குறுக்கு விசாரணையும் ஆவணங்களும்தான் தீர்மானிக்க வேண்டும். தலையாட்டினால்கூட, ‘ஆம் என்றா, இல்லை என்றா, வாயால் சொல்லுங்கள்’ என்று கேட்டுத்தான் பதிவு செய்வார்கள். உங்கள் படிவத்தில் 20 மதிப்பெண் கட்டத்தை எடுத்துவிட்டு, ‘கவனித்தவை’ என்று மதிப்பெண் இல்லாத ஒரு பத்தியும், அதற்குப் பக்கத்தில் ‘அதன்பின் கேட்ட கேள்வி’ என்று இன்னொன்றும் வைத்துப் பாருங்கள்.

நெய்தல்:

வழக்கறிஞர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் இடும் நேர்காணல், மனம்போன போக்கில் உரையாடும் நேர்காணலைவிடப் பிற்காலப் பணித்திறனைச் சரியாகக் கணிக்கிறது. உளவியல் ஆய்வாளர்கள் ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இதற்கு நல்ல சான்று. செய்முறைத் தேர்வுக்கும் அதில் உயர்ந்த இடம் கிடைத்தது. உங்கள் வெர்னியர் சோதனைக்கு மதிப்பெண்ணைக் கூட்டுங்கள்.

கொங்குநாட்டான்:

அனைவருக்கும் நன்றி. மெஹ்ராபியன் விவரத்தையும் 54 விழுக்காட்டையும் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். அந்த மாணவரை மறுபடியும் அழைக்கலாம் என்று குழுத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் தென்காசிப் பக்கம் என்பதால் இரண்டாவது சுற்றைக் காணொளியில் வைக்கிறார்கள். அங்கேயும் ‘பார்க்கவில்லை’ என்ற பேச்சு வருமோ என்று தயக்கமாக இருக்கிறது.

வேலைவாய்ப்பு அலுவலர்:

கட்டாயம் வரும், ஏனென்றால் காணொளியில் அவர் உங்கள் முகத்தைப் பார்த்தாலும் உங்களுக்குக் கீழே பார்ப்பது போலத்தான் தெரியும். கேமரா திரையின் மேல் விளிம்பில் இருக்கிறது. முகங்கள் திரையின் நடுவில் இருக்கின்றன. கைப்பேசியை மடியில் வைத்துப் பேசினால் இன்னும் மோசம். எங்கள் மாணவர்களிடம் கைப்பேசியைக் கண் மட்டத்தில், நான்கைந்து புத்தகங்களை அடுக்கி அதன்மேல் சாய்த்து வைக்கச் சொல்வேன். உங்கள் படத்தைச் சிறிதாக்கிக் கேமராவுக்கு அருகில் நகர்த்திக்கொள்ளவும் சொல்லலாம். இணைப்பு தாமதமானால் விடையும் தாமதமாகத்தான் வரும். அதைத் தயக்கம் என்று யாரும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் மதிப்பெண் எதுவும் இல்லாமல், அவர் செய்த புராஜெக்ட்டைப் பற்றிப் பேசவிடுங்கள். அழைப்புக் கடிதத்திலேயே இவற்றைத் தமிழில் நான்கு வரியாக எழுதி அனுப்பிவிட்டால் எல்லா விண்ணப்பதாரருக்கும் பயன்படும்.