சொந்தப் பங்கில் ஒரு தியானம்

தியானம், அதாவது சில நாள் ஒதுக்கி ஜெபத்தில் இருக்கும் கிறிஸ்தவப் பழக்கம், என்றதும் எங்கள் பக்கத்தில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கேரளாவில் இருக்கும் முரிங்கூர் தியான மையம்தான். கோவையில் ரயில் ஏறி, சாலக்குடியில் இறங்கி, அங்கேயே தங்கி, மனதில் உள்ளதையெல்லாம் அழுது தீர்த்துவிட்டு வருவார்கள். என் பெரியம்மா அப்படிப் போய்வந்தவர். அங்கே அவருக்குக் கிடைத்த ஆறுதலைக் கண்ணால் பார்த்தவன் நான், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். இருந்தாலும், சோமனூர்ப் பக்கம் எங்கள் சின்னப் பங்கிலேயே (ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தைப் பங்கு என்போம்) ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நடக்கும் தியானத்தில் வேறொன்று இருக்கிறது. முரிங்கூரில் பக்கத்தில் இருப்பவர் யாரென்றே தெரியாது. இங்கே, யாரோடு வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லையோ அவரும் அதே ஜமக்காளத்தில் வந்து உட்காருவார்.

எங்களுடையது தறி ஊர். தாத்தா காலத்திலிருந்தே கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கின்றன. அக்டோபரில் கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா தேருக்கு வீட்டோடு கிளம்புகிற ஜனம். அந்தக் கோவில் 2019இல் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி பெற்றபோது எங்கள் ஊரிலும் மிட்டாய் கொடுத்தோம். மற்றபடி வாரம் முழுக்க விசைத்தறிதான். காலை எட்டு மணி ஷிப்ட், ராத்திரி எட்டு மணி ஷிப்ட். ஓட்டுகிறவருக்கு மீட்டருக்குத்தான் கூலி. தறி நின்றால் காசு நின்றுவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முன்பெல்லாம் தியானத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்து ஞாயிறு மதியம் முடிப்பார்கள். யார் வருவார்கள்? ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வயதானவர்கள், மரியாயின் சேனை என்ற ஜெபக்குழுப் பெண்கள். சனிக்கிழமை சம்பள நாள். அன்றைக்குத் தறிக்குப் போகாமல் ஜெபத்தில் உட்காருவது கூலிக்காரர்களால் முடியாத காரியம். "பக்தி இருந்தா வருவாங்க" என்று சிலர் சொல்வதைக் கேட்டு எனக்கு வேதனையாக இருக்கும். பக்திக்கு ஒரு குறைவும் இல்லை, அவர்களுக்கு நேரம்தான் இல்லை.

பங்குப் பேரவைக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது புதிதாக வந்திருந்த பங்குத்தந்தை ஒரு விஷயம் சொன்னார். தியானங்களுக்குப் பாதுகாவலர் என்று திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1922இல் அறிவித்தது இயேசு சபையைத் தொடங்கிய புனித லொயோலா இஞ்ஞாசியாரை. அவர் எழுதிய ஆன்மீகப் பயிற்சிகள் 1548இலேயே திருச்சபையின் அங்கீகாரம் பெற்றவை. முழுசாகச் செய்தால் ஏறக்குறைய 30 நாள் ஆகும். ஆனால் அதன் முன்குறிப்புகளில் 19ஆவதைப் பாருங்கள் என்றார். பொறுப்புகளையும் வேலையையும் விட்டு வர முடியாதவர் தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, இருக்கிற இடத்திலிருந்தே பயிற்சியைச் செய்யலாம் என்று இஞ்ஞாசியாரே வழி வைத்திருக்கிறார். "அவரே எறங்கி வந்திருக்கார், நாம வரக்கூடாதா?" என்று சாமி கேட்டதும் கூட்டத்தில் பேச்சே இல்லை.

அப்புறம் நேரத்தை மாற்றினோம். திங்கள் முதல் வெள்ளி வரை ராத்திரி எட்டரையிலிருந்து பத்து வரை, பகல் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்குத் தோதாக. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக் கடைக்குப் போய்வந்த பிறகு நற்கருணை ஆராதனை, அதாவது பீடத்தில் வைத்த நற்கருணை அப்பத்தின் முன் ஜெபம். ஞாயிறு முழுநாள், கடைசியில் திருப்பலி (பூசை). அன்பியம் என்பது பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக்குழு; அன்பியம் அன்பியமாகச் சமையல் பொறுப்பு. வாசலிலேயே துணிப்பையில் செல்போனை வாங்கி வைத்துவிடுவோம். முதல் வருஷம் அதற்குக் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. இப்போது அவர்களே கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

அந்த வருஷம் பகிர்வு நேரத்தில் தறி ஓட்டும் ஒரு அண்ணன் எழுந்து பேசியது என் மனதிலேயே நிற்கிறது. மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லாதவர். "பொழப்பே சத்தத்துலதானுங்க. ஊட்டுக்குப் போனாலும் காதுக்குள்ள தறி ஓடிட்டேதான் இருக்கும். நேத்து ராத்திரி நற்கருணை முன்னால உக்காந்திருந்தப்பத்தான் அது நின்னுச்சு. நின்னதும் எம்புள்ள ஞாபகம் வந்துச்சு. ஏதோ சொல்ல வந்துச்சு, அப்பறம் சொல்லு கண்ணுன்னு அனுப்பிட்டேன். அது ஆச்சுங்க ரொம்ப நாளு." அவ்வளவுதான் பேசினார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மகளைக் கேட்டிருக்கிறார். பனியன் கம்பெனிக்கு அனுப்பாமல் நர்சிங் படிக்க வைக்கக் கேட்கத்தான் அந்தப் பிள்ளை தயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது படித்துக்கொண்டிருக்கிறது.

மௌனத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சில இடங்களில் தியானம் என்று ஒலிபெருக்கியை முழுசாகத் திறந்துவிட்டு விடிய விடிய பிரசங்கம் செய்கிறார்கள். வாரம் முழுக்கச் சத்தத்தில் கிடப்பவர்களுக்கு மேலும் சத்தம் எதற்கு? ஈரோட்டில் சிஎஸ்ஐ என்னும் புராட்டஸ்டன்ட் சபையில் இருக்கும் என் நண்பரும் இதையேதான் சொன்னார். அவர்கள் வாலிபர் முகாமிலும் காலையில் ஆளுக்கொரு மரத்தடியில் வேதாகமத்தோடு தனியே உட்காரும் நேரம்தான் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்கிறதாம்.

சரி, முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் பெரிய வீடு, சின்ன வீடு என்று சொல்லப்படும் இரண்டு பங்காளி வீடுகளுக்குள் போர்வெல் தண்ணீர்ப் பைப்பு விஷயத்தில் தகராறு. கோர்ட்டு வரை போய்விட்டது. கோவிலில் ஒரு குடும்பம் வலது பக்கம் உட்கார்ந்தால் இன்னொன்று இடது பக்கம். திருப்பலியில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் ஆளுக்கொரு திசையில் கும்பிடுவார்கள். ஊரே பார்த்துப் பழகிவிட்டது.

ஞாயிறு காலை தியான உரைக்கு மத்தேயு 5:23-24ஐ எடுத்திருந்தார்கள். பீடத்தில் காணிக்கை வைக்கப் போகும்போது உன் மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போ என்கிற பகுதி. அதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், யார் மேல் தப்பு என்ற கேள்வியே அங்கே இல்லை. அவனுக்கு மனத்தாங்கல் இருக்கிறதா, நீ எழுந்து போ. ஃபாதர் இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு, ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது பாவசங்கீர்த்தனம் கேட்க, போய் உட்கார்ந்தார். பெரிய வரிசை.

எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, நடந்தது சமையல்கட்டில். அன்றைக்கு அரிசிம்பருப்புச் சாதம். சின்ன வெங்காயம் உரிக்கும் வேலையில் பெரிய வீட்டு ஆத்தாவும் சின்ன வீட்டு மருமகளும் எதிரெதிரே உட்கார வேண்டியதாகிவிட்டது. இரண்டு பேரும் தலையே தூக்கவில்லை. தண்ணீர்க் குடம் வைக்கப் போன நான் பயந்தபடியே நின்றேன். உலை கொதித்து, அந்த மருமகள் உப்புப் பாத்திரத்தை எடுத்தபோது ஆத்தா வாயைத் திறந்தார்.

"அம்மிணி, உப்பை எச்சாப் போட்டறாத."

"சரிங்கத்தை."

அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆனால் மதியம் பந்தியில் ஆத்தாவுக்கு அந்த மருமகள்தான் நெய் ஊற்றினாள். அடுத்த மாதம் சின்ன வீட்டுப் பையனின் புதுநன்மைக்கு, முதல் முறை நற்கருணை வாங்கும் விழாவுக்கு, ஆத்தா தன் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். ஆண்கள் இன்னும் முழுசாக ராசியாகவில்லை, கேசும் அப்படியே நிற்கிறது. பார்த்தால் தலையசைக்கிறார்கள், அவ்வளவுதான். பேச்சை ஆரம்பித்து வைத்தது பெண்கள்தான் என்பதை ஊரில் எல்லோரும் அறிவார்கள்.

வெளியூரில் ஒரு வாரம் அழுதுவிட்டு வந்தாலும் ஊர் திரும்பியதும் அந்தப் போர்வெல் அங்கேதான் இருக்கும். அதனால்தான் சொந்த ஊரில், அந்தந்தப் பங்கில் தியானம் நடக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எங்களுக்கு இன்னும் ஒரு குறை இருக்கிறது. ராத்திரி ஷிப்ட்காரர்கள் வாரநாள் கூட்டத்துக்கு வர வழியில்லை. அவர்களுக்கென்று காலை ஒன்பது மணிக்குத் தனியாக வைக்கலாமா என்று இந்தத் தவக்காலத்துக்கு முன் சாமியிடம் கேட்டிருக்கிறோம். தூங்காமல் வருவார்களே என்று அவர் யோசிக்கிறார். அவர்களோ, நீங்க வைங்க சாமி, நாங்க வர்றோம் என்கிறார்கள்.