நாலரையைக் கழித்தது யார்?

பட்டறைக்காரன்:
நேற்று ஒருவர் தன் ஏர்கன் (காற்றுத் துப்பாக்கி) சுட்ட அட்டையை இங்கே அளந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். பத்து மீட்டரில் ஐந்து குண்டு, க்ரூப் (அதிகம் விலகி விழுந்த இரண்டு ஓட்டைகளின் நடுவுக்கு நடு தூரம்) 4.5 மி.மீ., அவர் துப்பாக்கிக் குழலை, அதாவது பேரலை, மிஞ்ச வடசென்னையில் ஆளே இல்லையாம். ஓட்டைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் 9 மி.மீ., அதில் குண்டின் விட்டம் 4.5ஐக் கழித்தாராம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உருண்டைத் தலை குண்டு, பழைய காலண்டர் அட்டை. குண்டு போனதும் நார் மூடிக்கொண்டு ஓட்டை சுருங்கிவிடும். அந்த ஓட்டை 4 மி.மீ. இருந்தால் அதிகம். இல்லாத ஓட்டையைக் கழித்தால் எல்லாப் பேரலும் நல்ல பேரல்தான்.

காசிமேடு_குறி:
அண்ணே, குண்டு டப்பாவில் 4.5 என்றுதானே போட்டிருக்கிறது? அதைக் கழிக்காமல் உங்கள் வயதையா கழிப்பது?

பட்டறைக்காரன்:
அட்டையைத் துளைத்தது டப்பா இல்லை தம்பி. போட்டிக்காரர்கள் போடும் தட்டைத் தலை குண்டு வாங்குங்கள், பஞ்ச் அடித்த மாதிரி ஓட்டை விழும். அப்போது 4.5 கழியுங்கள். இதில் 4தான். உங்கள் க்ரூப் 5.

பலூன்கடை:
மாசித் திருவிழாவுக்குத் திருவொற்றியூரில் கடை போடுகிறோம். எங்கள் துப்பாக்கியில் எதைக் கழித்தாலும் ஒன்றுதான். குண்டு நேராகப் போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

வண்ணை_வாசி:
நாலோ நாலரையோ, ஐந்து குண்டில் என்ன தெரியும்? பத்து பத்தாக நாலு அட்டை சுட்டுக் காட்டுங்கள். அதுவும் ஸ்பிரிங் துப்பாக்கி. பிஸ்டன் ஓடும்போது முன்னும் பின்னும் உதறும். இறுக்கிப் பிடித்தால் ஒரு இடம், தளர்த்திப் பிடித்தால் வேறு இடம். சோதித்தது பேரலையா, கையையா?

காசிமேடு_குறி:
துப்பாக்கியை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பட்டறை இடுக்கியில்) மாட்டியிருப்பேன். அது போன தீபாவளியிலிருந்து பட்டறைக்காரர் வீட்டில் இருக்கிறது. மணல் மூட்டைமேல் வைத்துத்தான் சுட்டேன்.

பட்டறைக்காரன்:
தாடை தேய்ந்த வைஸ் அது, நான்தான் மாற்றிப் போட்டேன். அந்தக் கூலியை யார் தந்தது? பேச்சை மாற்றாதீர்கள். 4.5 கழித்தீர்களா இல்லையா?

காசிமேடு_குறி:
கழித்தேன். அரை மி.மீ.க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

பட்டறைக்காரன்:
அரை மி.மீ. சும்மாவா? பத்து மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளியே 0.5 மி.மீ. பொட்டுதான். 2008ல் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது அந்தப் பொட்டைச் சுட்டுத்தான்.

வண்ணை_வாசி:
குண்டின் ஓரம் பொட்டைத் தொட்டாலே பத்து அண்ணே. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம், 2012ல் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் நம்ம சென்னையில் பிறந்தவர்.

பலூன்கடை:
பிறந்தது இங்கே, வளர்ந்தது ஹைதராபாத்தில்.

வண்ணை_வாசி:
பிறந்தாலே போதும். பலூன் விற்கிறவர் பாஸ்போர்ட் பார்க்க வேண்டாம்.

பலூன்கடை:
போன வருடம் பதினைந்து குண்டுக்கு ஒரு பலூன் உடைத்தவர் நீங்கள்தானே? முகம் ஞாபகம் இருக்கிறது.

பட்டறைக்காரன்:
சுற்றிச் சுற்றி வேறெங்கோ போகிறீர்கள். நாலாவது முறையாகச் சொல்கிறேன்: ஓட்டையை வெர்னியர் அளவுகோலில் அளந்து, வந்த எண்ணைக் கழியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டையோடு தண்டையார்பேட்டைக்கு வாருங்கள், நானே அளக்கிறேன்.

காசிமேடு_குறி:
வருகிறேன். வைஸை வாசலில் எடுத்து வையுங்கள். க்ரூப் 4.5தான்.

பட்டறைக்காரன்:
5.