வீட்டுக்காரருக்கு விசா, பெரியம்மா முகாமில்: இரண்டுக்கும் ஒரே படிவம் என்கிறார்கள், உண்மையா?

தலவாக்கலை_மலர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாக வாசித்துப் பதில் சொல்லுங்கள்.

நாங்கள் தலவாக்கலைப் பக்கம் தோட்டம். என் அத்தை குடும்பம் 1964ல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து 1982ல் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர்கள். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம், தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் வேலை கிடைத்து அங்கேயே இருந்துவிட்டார்கள். அந்த அத்தை மகனைத்தான் நான் 2013ல் கட்டினேன். அவர் அங்கே பிறந்தவர், இந்தியப் பிரஜை. என் அம்மாவைப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் கல்யாணத்துக்குப் பிறகு அவரே இங்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து விசா முடியும் தேதி நெருங்கினால் எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. கிராம சேவகர் கடிதம், கல்யாணப் பதிவு, என் அடையாள அட்டைக் கொப்பி எல்லாம் தூக்கிக்கொண்டு விடியமுன் பஸ் பிடித்து பத்தரமுல்லை குடிவரவு ஆபீசுக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மூத்தவன் போன எலெக்ஷன் அன்று, அப்பா ஏன் ஓட்டுப் போட வரவில்லை என்று கேட்டான். அவருடைய தாத்தா இதே மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர் என்று பிள்ளைக்குச் சொன்னேன், வேறு என்ன சொல்ல.

இன்னொன்று பெரியம்மா விஷயம். அம்மாவின் அக்கா. 1977 கலவரத்துக்குப் பிறகு அவர்கள் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுக் கிளிநொச்சிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். 1990ல் சண்டை வந்ததும் படகில் ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் அகதி முகாமுக்குப் போய், இன்றைக்கும் திருச்சிப் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறார்கள். 93லும் 97லும் பிறந்த இரண்டு பிள்ளைகளும் முகாமில் பிறந்தவர்கள். பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது பெரியம்மா ஊருக்கு வரவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

டவுனில் ஒருத்தர் இந்த வேலைகள் செய்து தருகிறார். இரண்டு பேருக்கும் ஒரே படிவம்தான், 2003ல் வந்த சட்டம், இந்திய வம்சாவளி என்று எழுதினால் போதும் என்று சொல்லி முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பழைய_கணக்கப்பிள்ளை (அட்டன்):

தங்கச்சி, காசு கொடுக்க வேண்டாம். இரண்டு பேரும் ஒரே லயத்திலிருந்து போன குடும்பமாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு ஆட்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் படிவம் நிரப்பியவர்கள் அலைந்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கே பிரிந்தது என்று சொல்கிறேன். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் தோட்டத்து ஆட்களை நாடற்றவர்களாக ஆக்கிவிட்டது. 1964 ஒக்டோபர் 30ல் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். ஆக இந்தியாவுக்குப் போகவேண்டியவர்கள் 6 லட்சம். ஆனால் அங்கே போக விண்ணப்பம் போட்டவர்கள் 5 லட்சத்து 6 ஆயிரம் பேர்தான். போடாமல் விட்ட 94 ஆயிரம் பேருக்கும் இலங்கையே பிரஜாவுரிமை கொடுப்பதென்று 1986லும் 1988லும் சட்டம் வந்தது. உங்கள் பெரியம்மாவின் கதை இந்த இடத்தில்தான் நிற்கிறது. உங்கள் தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்டாரா இல்லையா? வேறு எதற்கும் முன்னால் இதை அம்மாவிடம் கேளுங்கள். போடவில்லை என்றால் 1988 சட்டத்திலேயே பெரியம்மா இலங்கைப் பிரஜை ஆகியிருக்கலாம். அப்படி இருந்தால் அவர் புதிதாக ஒன்றும் கேட்கவேண்டியதில்லை, இருப்பதை நிரூபித்தால் போதும்.

2003ன் 35ம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக இருந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும், இங்கேயே வசிக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும். அந்தச் சட்டம் வந்ததும் 10 நாளில் தோட்டம் தோட்டமாக நடமாடும் முகாம் போட்டு ஏறக்குறைய 1 லட்சத்து 90 ஆயிரம் பேருக்குப் படிவம் நிரப்பினார்கள். கோயில் வாசலில் மேசை போட்டு நானும் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரல் வைத்த கிழவி ஒருத்தி, மை காய்வதற்குள் அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள், சட்டையெல்லாம் மை. இன்றைக்கும் அது என் கண்ணில் நிற்கிறது.

அந்தச் சட்டத்தில் இரண்டு வகைப் பிரகடனப் படிவம் இருந்தது. சாதாரண ஆட்களுக்குப் பொதுப் பிரகடனம். இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு, 1984ல் கப்பல் நின்றதால் போக முடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு விசேட பிரகடனம். உங்கள் வீட்டுக்காரர் இந்த இரண்டிலும் வரமாட்டார், ஏனென்றால் அவர் குடும்பம் கப்பல் நிற்கும் முன்பே போய்விட்டது. அவருக்கு நீங்கள்தான் வழி, அதாவது உங்களைக் கட்டிய கணவர் என்ற வழி. பெரியம்மாவைப்போலக் கலவரத்தாலும் சண்டையாலும் ஓடிப்போய் இந்தியாவில் தங்கியவர்களையும் சேர்க்க அந்தச் சட்டத்துக்கு 2009ல் திருத்தம் வந்தது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பண்டாரவளை_மருமகள்:

மலர் அக்கா, நான் திருச்சி மாவட்டத்துப் பெண், இங்கே கட்டிக்கொண்டு வந்து இப்போது இலங்கைப் பிரஜை. அதனால் உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

இலங்கைப் பிரஜையின் கணவனோ மனைவியோ விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஒரு வருடம் முழுக்க இலங்கையில் வசித்திருந்தால் பதிவு மூலம் பிரஜாவுரிமை கேட்கலாம். இவர் எத்தனையோ வருடமாக இருக்கிறார், தகுதி எப்போதோ வந்துவிட்டது. ஆனால் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டத்தில் இல்லை, தீர்மானம் அமைச்சர் கையில். அதனால் விண்ணப்பம் போட்டுவிட்டோம் என்று விசாவைக் கவனிக்காமல் விடாதீர்கள். கடைசிக் கடிதம் கைக்கு வரும்வரை விசா உயிரோடு இருக்கவேண்டும். நான் அப்பா சாவுக்கு ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டேன், திரும்பி வந்து ஒரு வருடக் கணக்கை முதலிலிருந்து எண்ணினேன். விண்ணப்பம் போட நினைக்கும் வருடத்தில் கோத்தகிரிப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அந்த வருடம் இங்கே இருந்ததற்கு விசா முத்திரை உள்ள பக்கங்கள், கிராம சேவகர் சான்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும்.

இனி கஷ்டமான பகுதி. இந்தியா இரட்டைப் பிரஜாவுரிமை தருவதில்லை. இலங்கைப் பிரஜையாகப் பதிவானதும் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும், பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்கான சான்றிதழ் வாங்கவேண்டும். நமக்குக் கண்டியிலேயே இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது, அது ஒரு நிம்மதி. அன்றைக்கு நான் அழுதேன் அக்கா, பொய் சொல்லவில்லை. அம்மா அங்கே இருக்கும்போது அந்தப் புத்தகத்தைக் கொடுப்பது லேசில்லை. ஆனால் முன்பு இந்தியப் பிரஜையாக இருந்தவர்கள், இந்தியா கொடுக்கும் ஓசிஐ (வெளிநாட்டுவாழ் இந்தியர்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் ஒவ்வொரு தடவையும் விசா எடுக்காமல் போய்வரலாம், எவ்வளவு நாளும் தங்கலாம். அங்கே ஓட்டு இல்லை, விவசாய நிலம், தேயிலைக் காணி புதிதாக வாங்க முடியாது, அம்மா அப்பா சொத்து வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் ஒப்படைத்த சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள், ஓசிஐக்குக் கேட்பார்கள்.

பிள்ளைகளைப் பற்றிப் பயமே வேண்டாம். 2003 திருத்தத்துக்கு முன்னால் தகப்பன் இலங்கைப் பிரஜையா என்றுதான் பார்த்தார்கள், இப்போது தாய் பிரஜையாக இருந்தாலும் போதும்.

அவர் மனதை மாற்றுவதற்காக அவசரப்படுத்தாதீர்கள். என் வீட்டுக்காரர் நாலு வருடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானே ஒருநாள் போவோம் என்றேன்.

மாத்தளை_திரும்பியவன்:

அக்கா, உங்கள் பெரியம்மா கதைதான் எங்கள் கதை. அப்பா மாத்தளையில் தோட்டத் தொழிலாளி, வவுனியா போய், 90ல் மண்டபம். நான் முகாமில் பிறந்து படித்து 2016ல் திரும்பினேன்.

முகாமில் பிறந்த பிள்ளைகளின் பதிவைத்தான் முதலில் பிடிக்கவேண்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, பிறந்தபோது தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையாக இருந்தால், ஒரு வருடத்துக்குள் பதிந்து பரம்பரைப் பிரஜாவுரிமை எடுக்கலாம் என்பது விதி. வருடம் கடந்தாலும் நியாயமான காரணம் காட்டிப் பதியச் சட்டத்தில் இடம் இருக்கிறது, முகாமில் இருந்தோம் என்பதை விட நியாயமான காரணம் என்ன வேண்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில்தான் இந்த வேலை. அங்கே இருக்கும்போதே முடித்துவிடச் சொல்லுங்கள், இங்கே வந்த பிறகு செய்யலாம் என்று நினைத்து வந்த எங்கள் சித்தப்பா மகன் 22 வயதில் அடையாள அட்டை இல்லாமல் மேசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பெரியப்பாவின் பேப்பரும் வேண்டும். அந்தப் பிள்ளைகள் 2003 திருத்தத்துக்கு முன்னால் பிறந்தவர்கள், அதனால் தகப்பன் பக்கத்தைக் கட்டாயம் பார்ப்பார்கள்.

இந்தியாவில் பிறந்ததால் அங்கத்தைய குடியுரிமை கிடைக்குமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1987 ஜூலை 1க்கு முன் பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியர். 93, 97 என்றால் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்திருக்க வேண்டும். 2019ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் மட்டும்தான், நம்மைச் சேர்க்கவில்லை. 2025 செப்டெம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். அதைக் குடியுரிமை கிடைத்துவிட்டது என்று முகாமில் சிலர் பேசினார்கள், அப்படி ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டை விட்டுக் கிளம்ப வெளியேறும் அனுமதி எடுக்கவேண்டும். படகில் மட்டும் வரவேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். 2025 மே மாதம் முறைப்படி விமானத்தில் வந்த வயதானவர் ஒருவரையே, அன்றைக்குப் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்று யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். பெரிய சத்தம் எழுந்தது. பெரியம்மா கிளம்பும் முன் இங்கே ஒரு சட்டத்தரணியிடம் பேசி, வரும் நாளில் குடும்பத்தில் ஒருவர் விமான நிலையத்தில் நில்லுங்கள்.

தலவாக்கலை_மலர்:

மூன்று பேருக்கும் கோடி நன்றி. டவுன்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் கேட்டேன். தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்கவே இல்லையாம். பெரிய கங்காணி இரண்டு தடவை படிவம் கொண்டுவந்தும் பாட்டி அடுப்பில் போட்டுவிட்டாளாம். ட்ரங்குப் பெட்டியைக் கிளறியதில் மாமாவின் 2003 பிரகடனமும், பெரியம்மாவின் பிறப்புச் சான்றிதழ் கொப்பியும் கிடைத்தன. ஆனால் ஒன்றில் தாத்தா பெயர் ராமன், மற்றதில் ராமையா. இதற்கு என்ன செய்வது ஐயா?

பழைய_கணக்கப்பிள்ளை (அட்டன்):

பாட்டிக்குப் பெரிய கும்பிடு.

பெயர் வித்தியாசம் தோட்டத்தில் இல்லாத வீடே இல்லை, டிஸ்பென்சரியில் ஒருவர் எழுதியது, செக்ரோல் என்ற தோட்டப் பெயர்ப் பதிவேட்டில் இன்னொருவர் எழுதியது. தோட்ட ஆபீசில் பழைய செக்ரோல் இருந்தால் தாத்தாவின் பதிவைக் கொப்பி எடுத்து, தோட்ட மனேஜர் துரையின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று மாமா ஒரு சத்தியக் கடதாசி முடிக்கட்டும், சமாதான நீதவான் முன்னால். மாமாவின் பிறப்புச் சான்றிதழையும் பெரியம்மாவின் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தாயின் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தலவாக்கலை_மலர்:

பார்த்தேன் ஐயா. இரண்டிலும் பாட்டி பெயர் மீனாட்சி, எழுத்துக்கூட மாறவில்லை. திங்கட்கிழமை மாமாவோடு தோட்ட ஆபீசுக்குப் போகிறேன். வீட்டுக்காரரிடம் பண்டாரவளை அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஓசிஐக்கு எவ்வளவு செலவாகும் என்று மட்டும் கேட்டார்.